முதலில் விரல், பிறகுதான் எண்

வாட்டுக்கு ஒரு நோயாளி வந்தால் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். என் கண் விரல்களுக்குத்தான் போகும். 26 வருடத் தாதி வேலை தந்த பழக்கம் அது. கண்டிக்கு வரும் விரல்கள் பலவிதம். புசல்லாவையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் வரும் அக்காமாரின் பெருவிரலும் சுட்டுவிரலும் தேயிலைக் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்திருக்கும். தோல் வெடித்து, வெடிப்புக்குள்ளும் கறை இறங்கியிருக்கும். கட்டுகஸ்தோட்டையில் சீமெந்து குழைக்கும் மேசன்மாரின் விரல் நுனி தடித்து மரத்துப் போயிருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கருநீல நெய்ல் பொலிஷோடு வருவார்கள். டிசம்பர், ஜனவரியில் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகள் வழியாக அம்புலன்ஸில் இறக்கப்படும் ஐயாமாரின் கையைத் தொட்டால் நமக்கே குளிரும்.

இத்தனை விரல்களிலும் ஒரே சின்னக் கிளிப்பைத்தான் மாட்டுகிறோம். அது 97 என்கிறது, 91 என்கிறது, 85 என்கிறது. ஒட்சிசன் கொடுப்பதா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவதா, வீட்டுக்கு விடுவதா என்பதெல்லாம் பாதி அந்த எண்ணில்தான் தங்கியிருக்கிறது. பல்ஸ் ஒக்சிமீற்றர் என்ற இந்தக் கருவி மிக நல்ல கருவி. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. ‘எனக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்ல அதற்குத் தெரியாது. தெரியாதபோதும் பெரும்பாலும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிடும். ஆகவே, அந்த எண்ணுக்குப் பொறுப்பு கிளிப்பை மாட்டிய கைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

2021 ஓகஸ்டில் இந்தக் கருவி வாட்டை விட்டு வீடுகளுக்குள் போனது. டெல்டா அலை ஏறி, ஓகஸ்ட் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்ட நாட்கள். வைத்தியசாலைகளில் கட்டில் இல்லை. கடுமையில்லாத கொவிட் நோயாளர்களை வீட்டில் வைத்தே பார்க்கச் சொன்னார்கள். பார்மசியில் கிளிப் வாங்கி வந்தவர்களுக்கு அதை மாட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று என் தொலைபேசி இரவிலும் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரே கிழமையில் வந்த இரண்டு அழைப்புகளை இன்றும் மறக்கவில்லை.

முதலாவது, கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து.

“மிஸி, அம்மாவுக்கு 82 காட்டுது. ஆனா அம்மா நல்லாப் பேசிக்கிட்டுதான் இருக்காங்க.”

நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக 82ஐத் தள்ளிவிட முடியாது. கொவிட் காலத்தில் மூச்சுத் திணறலே இல்லாமல் ஒட்சிசன் இறங்கியவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே மகனிடம் கேட்டேன்: “தம்பி, கிளிப்பில இன்னொரு எண் இருக்கும், பக்கத்தில சின்ன இதயப் படம் போட்டிருக்கும். அது எவ்வளவு?” 47 என்றான். “இப்ப அம்மாட மணிக்கட்டைப் பிடிச்சு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிசம் எண்ணுங்க.” எண்ணிவிட்டு 94 என்றான். கருவி சொன்ன நாடித்துடிப்பும் கையில் எண்ணிய நாடித்துடிப்பும் பாதிக்குப் பாதி வித்தியாசம். அப்படியென்றால் கருவி அந்த விரலில் துடிப்பையே பிடிக்கவில்லை. துடிப்பைப் பிடிக்காத கருவி சொல்லும் ஒட்சிசன் அளவுக்கு மதிப்பில்லை. அந்த அம்மா பைப்படியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்த கையோடு மாட்டியிருந்தார்கள். கையைத் துடைத்து, வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பிடிக்க வைத்து, கறை ஏறாத மோதிர விரலில் மாட்டச் சொன்னேன். துடிப்பு 92, ஒட்சிசன் 96. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது அழைப்பு கண்டி நகரத்துக்குள்ளிருந்தே வந்தது. மாமாவுக்கு 95 என்றார்கள். “95 நல்லதுதானே மிஸி?” தொலைபேசியை மாமாவிடமே கொடுக்கச் சொன்னேன். “இரவு சாப்பிட்டீங்களா?” என்று கேட்டதற்கு “சாப்…” என்று நிறுத்தி, மூச்செடுத்து, “…பிடல” என்றார். பெண்பிள்ளையிடம் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணச் சொன்னேன். நிமிடத்துக்கு 36. ஓய்வாக இருக்கும் வயதுவந்த ஒருவருக்கு 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும். எண்ணைப் பார்க்காதீர்கள், உடனே கொண்டு போங்கள் என்றேன். வைத்தியசாலையில் மணிக்கட்டு நாடியில் இரத்தம் குத்தி எடுத்துப் பார்த்தபோது ஒட்சிசன் 87 வீதம்தான் இருந்தது. 17 நாள் கழித்துத்தான் மாமா வீடு திரும்பினார்.

இந்த இரண்டு தவறுகளும் எப்படி நடக்கின்றன என்பது, அந்தக் கிளிப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் விளங்கிவிடும். மேல் தாடையில் இரண்டு சின்ன விளக்குகள். ஒன்று சிவப்பு, 660 நனோமீற்றர் அலைநீளம். மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 நனோமீற்றர். கீழ்த் தாடையில் அந்த ஒளியை வாங்கும் உணரி. ஒட்சிசன் ஏறிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பு, அது சிவப்பு ஒளியை அதிகம் விழுங்காமல் விட்டுவிடும். ஒட்சிசன் இழந்த இரத்தம் கருஞ்சிவப்பு, அது சிவப்பு ஒளியை விழுங்கும். அகச்சிவப்பில் இது தலைகீழ். இரண்டு ஒளியும் எவ்வளவு மிஞ்சி வருகிறது என்று ஒப்பிட்டு, கருவி கணக்குப் போடுகிறது.

ஆனால் விரலில் இரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம் எல்லாமே ஒளியை விழுங்கும். இதைத் தாண்டிய மனிதர் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அஒயாகி. நிஹொன் கோடன் நிறுவனத்தில் வேலை செய்தவர். இதயம் எவ்வளவு இரத்தம் இறைக்கிறது என்பதை, சாயம் செலுத்திக் காதுமடல் வழியாக ஒளி பாய்ச்சி அளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடித்துடிப்பு அந்த அளவைக் குழப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் குழப்பத்தை நீக்க முயன்றபோதுதான், துடிக்கும் பகுதி நாடி இரத்தம் மட்டுமே, அதைத் தனியே பிரித்தெடுத்தால் தோலையும் சதையையும் கணக்கிலிருந்தே விலக்கிவிடலாம் என்று கண்டார். 1974இல் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இன்று உலகத்தின் எந்தச் சத்திரசிகிச்சைக் கூடமும் இந்தக் கருவியின்றி இயங்க விரும்பாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுக்குமுன் ஒக்சிமீற்றர் மாட்டி வேலை செய்கிறதா என்பதும் ஒரு கேள்வி. அஒயாகி 2020 ஏப்ரலில், கொவிட் உலகைச் சூழ்ந்த நாட்களில் காலமானார்.

துடிப்புத்தான் இந்தக் கருவியின் உயிர். விரலுக்குத் துடிப்பு போகாமல் எது தடுத்தாலும் எண் பொய்யாகும். குளிர்ந்த கை அதில் முதலாவது. பிரஷர் பார்க்கும் பட்டியும் கிளிப்பும் ஒரே கையில் இருப்பது அடுத்தது. பட்டி காற்றேறி இறுக்கும் ஒவ்வொரு தடவையும் மொனிட்டர் அலறும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பதறி ஓடுவார்கள், நானும் ஓடியிருக்கிறேன். பட்டி ஒரு கையில், கிளிப் மறு கையில், அவ்வளவுதான் விசயம். கை நடுங்கினால் கருவி நடுக்கத்தையும் துடிப்பென்று எண்ணிவிடும். மொனிட்டரில் அலைக்கோடு ஒரே சீராக, மலை முகடுகள் போல வந்துகொண்டிருந்தால் நம்பலாம். கிறுக்கல் போல இருந்தால் எண்ணை எழுதாதீர்கள் என்று பயிற்சித் தாதியருக்குச் சொல்வேன்.

ஒளி நேராகப் போய் நேராக வரவேண்டும் என்பது இன்னொரு பாதி. விளக்கு நகத்துப் பக்கம், உணரி விரல் சதைப் பக்கம், இரண்டும் எதிரெதிரே. விரலைப் பாதி மட்டும் செருகினாலோ கிளிப் சரிந்திருந்தாலோ கொஞ்ச ஒளி விரலுக்குள் போகாமல் பக்கவாட்டில் ஓடி உணரியைத் தொட்டுவிடும். நீள நகம் இருந்தால் விரல் நுனி முட்டும்வரை போகாது. கருநீலம், கறுப்பு, பச்சைப் பொலிஷ் ஒளியை விழுங்கும். சிவப்பு மருதாணி பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆனாலும் அழுத்தமான கறையுள்ள விரலை விட்டுக் கறையில்லாத விரலைத் தேடுவதுதான் நல்லது. கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கு நான் சுட்டுவிரலில் மாட்டுவதேயில்லை. யன்னலோரக் கட்டிலில் வெயில் நேரே விழுந்தாலும், மஞ்சட்காமாலைக் குழந்தையின் நீல விளக்குக்குக் கீழும் உணரியை ஒரு துணியால் மூடவேண்டும்.

தோலின் நிறம் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். இந்தக் கருவிகள் ஆரோக்கியமான தொண்டர்களின் விரலில் அளந்து சரிபார்க்கப்பட்டவை. அந்தத் தொண்டர்களில் கறுத்த தோல் உடையவர்கள் குறைவாகவே இருந்தார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளர்களின் இரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, உண்மையில் 88க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். கருவி அவர்களுக்குக் கூட்டிக் காட்டியிருக்கிறது. கண்டி மாமாவின் 95க்குப் பின்னால் 87 இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்கள் மக்களில் பெரும்பாலானோரின் தோல் மாநிறமும் கறுப்பும்தான். 93, 94 என்று வரும்போது “பரவாயில்லை” என்று நான் சொல்வதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்ப்பேன். கறுத்த தோலில் நீலம் பாரிப்பது அங்கேதான் தெரியும்.

மலையகத்துப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய ஒரு விசயம் இருக்கிறது. இரத்தச்சோகை. ஒரு நாள் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்காவுக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கிளிப் 99 காட்டியது. கூட வந்தவர், “99 இருக்கே, நடிக்கிறாளோ?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈமோகுளோபின் பார்த்தால் 5.8. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது.

இதை நான் பஸ் கணக்கில் சொல்வேன். கண்டியிலிருந்து புசல்லாவைக்கு ஒரு நாளைக்கு 20 பஸ் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். எல்லா பஸ்ஸிலும் ஆசனம் நிறைந்திருக்கிறது. பிறகு 10 பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் ஓடும் 10 பஸ்ஸிலும் ஆசனம் நிறைந்துதான் இருக்கும். ஆனால் ஊர்போய்ச் சேரும் ஆட்கள் பாதிதான். ஈமோகுளோபின்தான் பஸ், ஒட்சிசன் பயணி. ஓடும் பஸ்ஸில் எத்தனை வீதம் நிறைந்திருக்கிறது என்று மட்டும்தான் கிளிப் சொல்லும். எத்தனை பஸ் ஓடுகிறது என்று சொல்லாது. கீழிமையைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்து அது வெளிறியிருந்தால், 99ஐ நம்பி அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பஸ்ஸில் தவறான பயணி ஏறுவதும் உண்டு. குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்களின் இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைக் காபனோரொட்சைட்டு பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கிளிப்புக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆள் மயங்கிக் கிடப்பார், எண் 98 காட்டும். அடுப்புப் புகையடைந்த அறையிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தால், எண் என்ன சொன்னாலும் ஒட்சிசன் கொடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று வயல் பக்கத்திலிருந்து வரும். ஹசலக்க, மினிப்பே போன்ற நெல் விளையும் இடங்களில் பாவித்த புறொப்பனில் என்ற களைநாசினி உடலுக்குள் போனால், ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்க முடியாத வேறு வடிவமாக மாறிவிடும். அப்போது கிளிப் 85ஐச் சுற்றியே நிற்கும். முகமூடியில் எவ்வளவு ஒட்சிசன் கொடுத்தாலும் ஏறாது. எடுத்த இரத்தம் சொக்கலேட் நிறத்தில் இருக்கும். ஏறாத அந்த 85தான் அங்கே நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். மாற்றுமருந்து மெதிலீன் புளூ. அதை ஏற்றியவுடன் நீலச்சாயம் ஒளியை மறைப்பதால் எண் இன்னும் கீழே விழுந்து பிறகு ஏறும். தெரியாதவர் பயந்துவிடுவார். இந்த விசக் கதைகளில் நிறையவற்றை உலகத்துக்கு எழுதிக்காட்டியது இலங்கையில் நடந்த ஆய்வுகள்தான் என்பதும், அதற்கான ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று பேராதனையிலேயே இயங்குகிறது என்பதும் எனக்குப் பெருமை.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது என் நெஞ்சில் ஒரு தழும்பு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த ஆரம்பத்தில், குறைமாதக் குழந்தை ஒன்றின் பாதத்தில் உணரியைச் சுற்றி ஒட்டினேன். கழன்று கழன்று விழுந்ததால் பிளாஸ்டரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன். இரவு வேலை நெருக்கடியில் இடம் மாற்ற மறந்துவிட்டேன். விடிய அவிழ்த்தபோது அந்த மெல்லிய தோலில் சிவந்து ஒரு கொப்புளம். குழந்தைக்குக் காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்லி நின்ற நிமிடம் எனக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை உணரியை அவிழ்த்து, தோலைப் பார்த்து, இடம் மாற்றி ஒட்டுவது என் வாட்டில் எழுதாத சட்டம். இறுக்கி ஒட்டினால் இரத்தவோட்டமும் தடைப்படும், அளவும் கெடும்.

பெரியவர்களின் கிளிப்பைச் சின்னக் குழந்தையின் விரலில் மாட்டவே கூடாது. அந்த விரல் கிளிப்புக்குள் மிதக்கும். பிறந்த குழந்தைக்கு உள்ளங்கையிலோ பாதத்தின் வெளிவிளிம்பிலோ சுற்றும் மெல்லிய உணரிதான் சரி. பிறந்தவுடன் பார்ப்பதானால் வலது கை. கருவிலிருந்த ஒரு குழாய் முழுதாக மூடுமுன், மூளைக்கும் இதயத்துக்கும் போகும் அதே இரத்தம்தான் வலது கைக்கும் போகிறது. பிறந்து ஒரு நிமிடத்தில் 60, 65 என்று காட்டினால் தகப்பன்மார் பதறத் தேவையில்லை. ஆரோக்கியமான குழந்தையும் அங்கிருந்துதான் தொடங்கி, பத்தாவது நிமிடத்தில் 85 முதல் 95 வரை ஏறும். ஒரு நாள் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து பார்த்தால், நெஞ்சில் வைத்துக் கேட்கும் கருவிக்குக்கூடப் பிடிபடாத சில பிறவி இதயக் கோளாறுகள் பிடிபடும். இரண்டுக்கும் இடையில் 3க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, அளவு 95ஐத் தொடாவிட்டாலோ திரும்பப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது.

இப்போது பல வீடுகளில் அலுமாரிக்குள் அந்தக் கொவிட் காலத்துக் கிளிப் கிடக்கிறது. ஆஸ்துமாக்காரருக்கும், அடுப்புப் புகையிலேயே வாழ்ந்து நுரையீரல் கெட்ட பாட்டிமாருக்கும் அது இன்னும் உதவும். பற்றரியை மாற்றுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, கையைச் சூடாக்கி, நெஞ்சு உயரத்தில் மேசையில் வைத்து, நடுவிரலை முழுதாகச் செருகுங்கள். மாட்டியவுடன் வரும் எண்ணை எழுதாதீர்கள். ஒரு நிமிடம் பேசாமல், அசையாமல் இருங்கள். எண் ஓரிடத்தில் நின்ற பிறகு, நாடித்துடிப்பையும் சேர்த்து நேரத்தோடு கொப்பியில் குறியுங்கள். பெரும்பாலானோருக்கு 95க்கு மேல் இருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே இருப்பவர்களுக்கு ஓரிரண்டு குறையலாம். நாட்பட்ட சுவாச நோய் உள்ளவர்களில் சிலருக்கு வைத்தியர் 88 முதல் 92 வரை போதும் என்று சொல்லியிருப்பார். அவர்களுக்கு அளவுக்கு மீறி ஒட்சிசன் கொடுப்பதே ஆபத்து. மற்றவர்களுக்கு 94க்குக் கீழே இறங்கி நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள், 92ஐத் தொட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒருவர் வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், நாக்கு நீலம் பாரித்தால், நெஞ்சு வலித்தால், பேச்சில் தடுமாறினால் கிளிப்பைத் தேடாதீர்கள். 98 காட்டினாலும் காத்திருக்காதீர்கள். 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள்.